சட்டத்தின் சொல் தமிழனுக்கு விளங்க வேண்டாவா?

திருச்சுழிப் பகுதி வானம் பார்த்த நிலம். குண்டாற்றில் என்றோ வரும் வெள்ளத்தையும் கார்த்திகை மழையையும் நம்பி, கண்மாய் வெட்டி, கரை காத்து, மிளகாயும் பருத்தியும் குதிரைவாலியும் விளைவித்து உயிர் வாழும் மக்கள் அங்குள்ளோர். பள்ளிக்கூடத்தின் வாயிலை மிதித்தறியாத உழவனுக்கும் அங்கு மடை வேறு, கலுங்கு வேறு என்பது தெரியும். மடையை அடைப்பதற்கும் கண்மாயைத் தூர்ப்பதற்கும் உள்ள வேற்றுமையை எவரும் வந்து அவனுக்கு விளக்க வேண்டுவதில்லை. ஆனால், அதே உழவன் தன் நிலத்தையும் வாழ்வையும் ஆளுகின்ற சட்டத்தைப் பற்றிய செய்தியைக் கேட்கும்போது மட்டும் திகைத்து நிற்கின்றான். மசோதா என்கின்றனர், ஆர்டினன்சு என்கின்றனர், அசெண்டு, ரிசர்வு, ரெபரன்சு என்கின்றனர். ஒலி காதில் விழுகின்றது. பொருள் நெஞ்சில் படிவதில்லை.

குறை அவனுடையதன்று. 2023 முதல் 2025 வரை தமிழ்நாட்டரசுக்கும் ஆளுநர்க்கும் இடையே நிகழ்ந்த வழக்கைப் பார்த்தாலே இது புலனாகும். தமிழ் மக்கள் தேர்ந்தெடுத்தனுப்பிய சட்டமன்றம் இயற்றியது சட்டமாகுமா, ஆகாதா என்பதே அவ்வழக்கு. அஃது ஏறத்தாழ முழுவதும் சுழன்றதோ ஓர் ஆங்கிலச் சொல்லைச் சுற்றி! அரசமைப்புச் சட்டத்தின் 200-ஆம் பிரிவில் வரும் ‘வித்கோல்டு’ என்பது அச்சொல்.

அப்பிரிவு சொல்வதைத் தமிழில் சொன்னால் பதினைந்து அகவைச் சிறுவனுக்கும் விளங்கும். சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டமுன்வடிவு ஆளுநரிடம் போகின்றது. அவர் அதற்கு ஒப்புதல் தரலாம், ஒப்புதலை நிறுத்திவைக்கலாம், குடியரசுத் தலைவரின் பார்வைக்கென்று ஒதுக்கிவைக்கலாம். பணமுன்வடிவு அல்லாத ஒன்றை, மீண்டும் ஆய்க என்னும் குறிப்புரையோடு எவ்வளவு விரைவில் முடியுமோ அவ்வளவு விரைவில் மன்றத்திற்கே திருப்பி அனுப்பலாம். மன்றம் அதனைத் திருத்தியோ திருத்தாமலோ மறுபடியும் நிறைவேற்றிவிட்டால், அதன்பின் அவர் ஒப்புதலை நிறுத்திவைத்தல் ஆகாது. ஒப்புதல், நிறுத்திவைத்தல், ஒதுக்கிவைத்தல், திருப்பியனுப்பல் — இந் நான்கு சொற்களையும் எந்தப் புலவரும் புதிதாகப் புனைந்து தரவில்லை. களத்துமேட்டில் நாள்தோறும் புழங்கும் சொற்களே இவை.

2023 ஏப்பிரல் 6-ஆம் நாள், குடிமைப்பணித் தேர்வுக்கு அணியமாகும் மாணவர்களிடையே பேசிய அப்போதைய ஆளுநர் ஆர்.என். இரவி, நிறுத்திவைத்தல் என்றால் அந்த முன்வடிவு செத்தது என்பதே பொருள் என்றும், மறுப்பு என்பதைப் பண்பாகச் சொல்வதற்கே அச்சொல் ஆளப்படுகின்றது என்றும் கருத்துரைத்தார். நான்கு நாள் கழித்து, ஏப்பிரல் 10-இல், முன்வடிவுகளுக்கு ஒப்புதல் தருவதற்குக் கால வரம்பு வேண்டுமென்று சட்டமன்றம் ஒரு முடிவு இயற்றியது. செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக எழுதின. ஆயினும், நிறுத்திவைத்த ஒன்று எவ்வாறு செத்ததாகும் என்னும் எளிய வினாவைப் பொதுமக்கள் கேட்கவில்லை. கேட்கும் மொழியில் அச்செய்தி அவர்களை வந்தடைந்தால்தானே கேட்பார்கள்!

திருச்சுழிக் கண்மாய்க்கரையில் இதைச் சொல்லிப் பார்த்தால் நகைப்பார்கள். மடையைத் திறந்து மூடும் நீர்பாய்ச்சி ஊராரால் அமர்த்தப்பட்டவன். தண்ணீர் கலங்கி வருகின்றது, சற்றுப் பொறுங்கள் என்று அவன் மடையை அடைக்கலாம். வரப்பு உடைந்திருக்கின்றது, சரிசெய்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பலாம். வயற்காரர்கள் எல்லாரும் கூடி, வரப்புச் சரியாகத்தான் இருக்கின்றது, திறந்துவிடு என்ற பின்னும் அடைத்தே வைப்பானாகில், அவன் நீர்பாய்ச்சி அல்லன். கண்மாய்க்கு உடையவன் ஆகிவிடுகின்றான்.

நடந்த நிகழ்ச்சிகளும் இவ்வொப்புமைக்கு நெருங்கியவையே. 2023 நவம்பர் 10-ஆம் நாள், பஞ்சாபு மாநில வழக்கொன்றில், ஒப்புதலை நிறுத்திவைக்கும் ஆளுநர் அம் முன்வடிவை மன்றத்திற்குத் திருப்பி அனுப்பியாக வேண்டும் என்று உச்ச முறைமன்றம் சொல்லிற்று. மூன்று நாளில், நவம்பர் 13-இல், தமிழ்நாட்டு ஆளுநர் பத்து முன்வடிவுகளுக்கு ஒப்புதலை நிறுத்திவைத்தார். பெரும்பாலும் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அமர்த்தத்தைப் பற்றியவை அவை. நவம்பர் 18-இல் சட்டமன்றம் தனிக்கூட்டம் கூடிப் பத்தையும் மீண்டும் நிறைவேற்றியது. நவம்பர் 28-இல் ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவர்க்கென ஒதுக்கிவைத்தார்.

2025 ஏப்பிரல் 8-ஆம் நாள் நடுவர்கள் பர்திவாலா, மகாதேவன் இருவரும், அவ்வாறு ஒதுக்கிவைத்தது செல்லாது என்றும், பத்து முன்வடிவுகளும் ஒப்புதல் பெற்றனவாகவே கருதப்படும் என்றும் தீர்ப்பளித்தனர். ஆளுநரின் கையொப்பமின்றி அவை அரசிதழில் சட்டங்களாக வெளிவந்தன. மே திங்களில் குடியரசுத் தலைவர் பதினான்கு வினாக்களை உச்ச முறைமன்றத்தின் முன் வைத்தார். 2025 நவம்பர் 20-ஆம் நாள், தலைமை நடுவர் கவாய் உள்ளிட்ட ஐவர் ஆயம், ஆளுநர்க்குக் கால வரம்பு விதித்தலும், ஒப்புதல் பெற்றதாகக் கருதிக்கொள்ளுதலும் அரசமைப்புக்குப் பொருந்தா என்று கருத்துரைத்தது. எனினும், திருப்பி அனுப்பாமல் ஒப்புதலை வெறுமனே நிறுத்திவைத்துக்கொள்ளும் உரிமை ஆளுநர்க்கு இல்லை என்பதையும் அவ்வாயமே சொல்லியது. ஆக, அந்த ஒற்றைச் சொல்லைப் பொறுத்தவரை, இருவர் ஆயமும் ஐவர் ஆயமும் வந்து சேர்ந்த இடம் ஒன்றே: மடையை அடைக்கலாம், கண்மாயைத் தூர்க்கலாகாது. இதனைக் கண்டறிய நானூறு பக்கங்களுக்கு மேற்பட்ட தீர்ப்பும், அதன்மேல் ஐவர் ஆயத்தின் கருத்துரையும் வேண்டியிருந்தன.

இங்கே இன்னோர் இணைச் சொற்களையும் தமிழர் பிரித்தறிதல் வேண்டும். முன்னது தீர்ப்பு, பின்னது கருத்துரை. இரு தரப்பார் வழக்காடி, மன்றம் ஒருவர் பக்கம் முடிவு கட்டுவது தீர்ப்பு. குடியரசுத் தலைவர் 143-ஆம் பிரிவின்படி வினவ, மன்றம் விடை சொல்வது கருத்துரை. இரண்டையும் தீர்ப்பு என்றே எழுதிச் சென்றால், ஏப்பிரலில் வென்ற வழக்கில் நவம்பரில் தோற்றுவிட்டதாகத்தான் படிப்போர் எண்ணுவர்.

சொல் விளங்காமைக்கு மேலான கொடுமை ஒன்றுண்டு. விளங்கும் சொல்லுக்கு மதிப்பின்மையே அது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் தமிழில் பேசுகின்றனர். தமிழில் முன்வடிவு வைக்கின்றனர். 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமும் இருக்கின்றது. ஆயினும், ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே செல்லும் என்கின்றது அரசமைப்பின் 348-ஆம் பிரிவு. உச்ச முறைமன்றம் தன் தீர்ப்புகள் சிலவற்றைத் தமிழில் பெயர்த்து வெளியிடுகின்றது. ஆங்கில மூலமே உறுதியானது என்னும் குறிப்பு அவற்றின் அடியில் நிற்கின்றது. இந்திக்கோ 1987-இல் 58-ஆம் திருத்தத்தின் வழியே, அரசமைப்புச் சட்டத்தின் இந்தி வடிவத்தையே உறுதி மூலமாகக் கொள்ளும் நிலை ஏற்படுத்தித் தரப்பட்டது. 2024 சூலை 1 முதல் நடப்புக்கு வந்த மூன்று குற்றவியல் சட்டங்களோ, ஆங்கிலத்தில் எழுதப்பட்டும் பெயரளவில் பாரதிய நியாய சன்கிதா, பாரதிய நாகரிக் சுரட்சா சன்கிதா, பாரதிய சாட்சிய அதினியம் என்றே வழங்குகின்றன. உள்ளே ஆங்கிலம், தலைப்பில் வடமொழி. தமிழன் எந்தப் பக்கமாக உள்ளே நுழைவது?

இந்நிலை இன்று நேற்றுத் தோன்றியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சுழியில் ஒரு சிறு நடுவர்மன்றம் இருந்தது. பின்னாளில் இரமணர் என உலகறிந்தவர் 1879-இல் பிறந்தது அவ்வூரில்தான். அவருடைய தந்தையார் சுந்தரம் ஐயர் அங்கு முதலில் கணக்கர், பின்னர் ஊரார்க்கு முறையீடு எழுதித் தருபவர், அதன்பின் பட்டம் பெறாமலே வழக்காடுபவர். நல்ல மனிதர் என்றே பெயர் பெற்றவர். அவர்மீது குறை சொல்வதற்கில்லை. ஒரு குடியானவன் தன் குறையைத் தன் அரசிடம் சொல்லிக்கொள்ளவும் நடுவே எழுதித் தருபவர் ஒருவர் வேண்டியிருந்தது என்பதே கருதத்தக்கது. மாவட்ட நடுவராக இருந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை இதனை நன்குணர்ந்து, மேல்மன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்து 1862-இல் நூலாக வெளியிட்டார். ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று அதற்கு வடமொழிப் பெயர் வைத்தார். அக்காலத்தின் பிடி அவ்வளவு! நூலின் உள்நோக்கமோ முழுக்கத் தமிழ்.

சொல்லறியாமையால் வரும் இழப்பு துணைவேந்தர் அமர்த்தத்தோடு நிற்பதன்று. 2023 ஏப்பிரல் 21-ஆம் நாள், கூட்டத்தொடரின் இறுதியில், சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டமுன்வடிவு நிறைவேறியது. நீர்நிலைகள் அடங்கிய பெரும் நிலப்பரப்புகளைத் தொழில் முதலான திட்டங்களுக்கு ஒருசேர எடுத்துக்கொள்வதைப் பற்றியது அது. ஒப்புதலுக்காக நெடுங்காலம் காத்துக் கிடந்தவற்றைப் போலன்றி, அவ்வாண்டே ஆளுநரின் ஒப்புதலையும் பெற்றுவிட்டது. உழவர் அமைப்புகளும் சூழல் காப்பாளரும் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். கண்மாயையும் ஊருணியையும் நம்பிய திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிச் சிற்றூர்களில் அச்சட்டத்தின் பெயரையேனும் கேள்விப்பட்டவர் எத்துணைப் பேர்? ‘ஒருங்கிணைப்பு’ என்னும் அழகிய தமிழ்ச் சொல்லும் ஒருவரை ஏமாற்றக் கூடும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தமிழாக இருந்தால் மட்டும் போதாது. உள்ளதை உள்ளபடி சொல்லும் தமிழாகவும் இருத்தல் வேண்டும்.

2025 மார்ச்சுத் திங்களில் வரவுசெலவுத் திட்ட முத்திரையில் ‘ரூ’ என்னும் எழுத்து இடம்பெற்றதற்கு நாடே கூச்சலிட்டது. அத்திட்டத்தை மன்றத்தில் வைத்த அமைச்சர் தங்கம் தென்னரசு, திருச்சுழித் தொகுதியில் 2021-இல் வென்றவர். ஓரெழுத்துக்கு எழுந்த அக்கூச்சலில் நூற்றில் ஒரு பங்கேனும், தமிழ்ச் சட்டவடிவம் மன்றங்களில் செல்லாதிருப்பதைப் பற்றி எழவில்லை. உயர் முறைமன்றத்தில் இந்தி வழங்க இராசத்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநிலங்களுக்கு 1950 முதல் 1972-க்குள் இசைவு கிடைத்தது. தமிழுக்கு அதே இசைவை வேண்டித் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006 திசம்பர் 6-இல் முடிவு இயற்றியது. 2012-இல் உச்ச முறைமன்ற நடுவர்கள் அவ்வேண்டுகையை ஏற்க மறுத்தனர். அதனை மீண்டும் எழுப்புதல் அரசின் கடன்.

நாளேடுகளின் கடன் இதனினும் எளிது. மசோதா என்பதை விட்டுச் சட்டமுன்வடிவு என எழுதலாம். தீர்ப்பையும் கருத்துரையையும் வேறு பிரித்துக் காட்டலாம். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டங்களின் ஊர்ப்புற நூலகங்களில், பத்து முன்வடிவுகளின் தமிழ் வடிவமும் நில ஒருங்கிணைப்புச் சட்டத்தின் தமிழ் வடிவமும் வைக்கப்படல் வேண்டும். அரசிதழில் அச்சிட்டவையே அவை. படியெடுத்து அனுப்புவதே பாக்கி.