அந்தக் கட்டத்தைப் போட்டது யார்?

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மதியம், நான் அப்போது வேலை பார்த்த அலுவலகத்தின் மீட்டிங் ரூமில், என் மேனேஜர் வெள்ளைப் பலகையில் ஒரு கட்டம் போட்டார். குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. நான்கு அறைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு எண்கள். ஜாதகக் கட்டம் போடும் ஜோசியரின் நிதானம் அவர் கையில் இருந்தது.

"கேம் தியரி படிச்சிருக்கீங்களா?"

"படம் பாத்திருக்கேன் சார்."

அப்ரைசல் நேரம். எங்கள் டீமில் ஏழு பேர். உச்ச ரேட்டிங் இரண்டு பேருக்குத்தான். ஒருவரைப் பற்றி ஒருவர் ரகசியமாக மதிப்பீடு எழுதித் தர வேண்டும். "நீங்க அவரப் பத்தி நல்லா எழுதி, அவர் உங்களப் பத்தி மோசமா எழுதிட்டார்னு வைங்க. நீங்க காலி. ரெண்டு பேருமே மோசமா எழுதினா பெரிய நஷ்டம் இல்ல. அவர் என்ன எழுதினாலும் சரி, நீங்க மோசமா எழுதுறதுதான் உங்களுக்கு லாபம். இத நான் சொல்லலைங்க, மேத்ஸ் சொல்லுது. நோபல் பரிசு வாங்குன மேத்ஸ்."

எழுதினேன். பக்கத்து இருக்கை நண்பனைப் பற்றி, பொய் என்று யாரும் சொல்ல முடியாத மாதிரி, ஆனால் அவன் மேலே போக முடியாத மாதிரி, நான்கு வரி. அவன் என்னைப் பற்றி என்ன எழுதியிருந்தான் என்பது ஆறு மாதம் கழித்துத் தெரிந்தது. நல்லபடியாகவே எழுதியிருந்தான். அவனையும் அதே அறையில் உட்காரவைத்து அதே கட்டத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

எழுதியது நான்தான், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் 'மேத்ஸ் சொல்லுது' என்ற அந்த வாக்கியத்தை என்னால் விடமுடியவில்லை. அதற்குப் பிறகு அதை எத்தனையோ இடங்களில் கேட்டுவிட்டேன். யூடியூப் முதலீட்டு குருக்கள், பாட்காஸ்ட் தத்துவவாதிகள், அரசியல் ஆலோசகர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள்: மனிதன் சுயநலமி, நம்புகிறவன் ஏமாளி, கேம் தியரி இதை நிரூபித்துவிட்டது. கேம் தியரி அப்படி எதையும் நிரூபிக்கவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் போய்ப் பார்த்தாலே போதும்.

1926 டிசம்பரில், ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரத்தில், ஜான் வான் நாய்மன் என்ற 22 வயது ஹங்கேரியக் கணிதக்காரர் ஓர் உரை நிகழ்த்துகிறார். 1928இல் அது ஆய்வுக் கட்டுரையாக அச்சாகிறது. தலைப்பில் போர் இல்லை, சந்தை இல்லை, மனித இயல்பு இல்லை. வீட்டுக் கூடத்தில் நாலு பேர் உட்கார்ந்து பொழுதுபோக்குக்கு ஆடும் ஆட்டங்களின் கோட்பாடு, அவ்வளவுதான். அதில் அவர் நிரூபித்தது இது: இரண்டே பேர் ஆடுகிறார்கள், ஒருவர் ஜெயிக்கும் காசு அப்படியே மற்றவர் தோற்கும் காசு என்றால், இருவருக்குமே ஒரு பத்திரமான ஆடுமுறை உண்டு. சில ஆட்டங்களில் அந்தப் பத்திரம் எதில் இருக்கிறது என்றால், நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதுபோல நம் முடிவைத் தற்செயலிடம் விடுவதில். நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாவிட்டால் எதிராளிக்கு எப்படித் தெரியும்? சீட்டாட்டத்தில் கையில் ஒன்றுமில்லாமல் பந்தயத்தை ஏற்றுகிறோமே, அந்தப் பாசாங்கு குணக்கேடு இல்லை, கணக்கிலேயே அதற்கு இடம் இருக்கிறது என்று இதைத் தொடர்ந்துதான் தெரியவந்தது.

இவருக்கு முன்பே 1921 முதல் பிரான்சில் எமில் போரல் இதே விஷயத்தைக் குறிப்புகளாக எழுதிவந்தார். (நடுவில் 1925இல் அந்த மனுஷர் கடற்படை அமைச்சராகவும் இருந்தார்.) சின்ன ஆட்டங்களுக்கு அவரும் தீர்வு கண்டார், எல்லா ஆட்டத்துக்கும் அது பொருந்துமா என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்தது. முதலில் சொன்னது யார் என்ற சண்டை 1953இல் வெடித்தது. போரலின் குறிப்புகள் ஆங்கிலத்தில் வந்தபோது, அவர்தான் தொடக்கம் என்று மோரிஸ் ஃப்ரெஷே எழுத, அந்தத் தேற்றம் இல்லாமல் கோட்பாடே இல்லை என்று வான் நாய்மன் பதில் எழுதினார். பெரிய மூளைகளுக்கும் யார் முதல் என்பதில் நம் ஊர்க் கல்வெட்டுச் சண்டைக்காரர்கள் அளவுக்கு ஆசை உண்டு.

எனக்கு இதில் முக்கியம் ஒன்றுதான். ஒருவர் லாபம் இன்னொருவர் நஷ்டம் என்பது 1928இல் உலகத்தைப் பற்றிய கண்டுபிடிப்பு அல்ல. சீட்டுக்கட்டின் விதி. அந்த விதியை ஒப்புக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் கணிதம் ஆரம்பிக்கிறது.

பொருளாதாரம் உள்ளே வந்தது ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்ன் வழியாக. வியன்னாக்காரர். நான் என்ன செய்வேன் என்று நீ யோசிப்பாய், நீ அப்படி யோசிப்பாய் என்று நான் யோசிப்பேன், இப்படிப் போனால் பொருளாதாரத்தில் எதிர்காலத்தைக் கணிப்பது எப்படி என்று அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார். அதற்கு அவர் எடுத்த உதாரணம் ஷெர்லக் ஹோம்ஸ். ஹோம்ஸ் ரயிலில் தப்பிக்கிறார், மோரியார்ட்டி துரத்துகிறார். டோவர்வரை போவதா, நடுவில் கேன்டர்பரியில் இறங்கிவிடுவதா? 1935இல் வியன்னாவில் கணிதக்காரர்கள் கூடிய ஓர் அமர்வில் இதைப் பேசியபோது, எடுவார்ட் செக் என்பவர்தான் சொன்னார்: நீங்கள் கேட்பது வான் நாய்மனின் 1928 கட்டுரையில் இருக்கிறதே. 1938இல் மார்கன்ஸ்டெர்ன் அமெரிக்காவில் இருந்த சமயத்தில் நாஜிக்கள் ஆஸ்திரியாவைப் பிடித்தார்கள். அங்கே அவர் பதவி போயிற்று. பிரின்ஸ்டனிலேயே தங்கினார். வான் நாய்மன் ஏற்கெனவே அங்கே இருந்தார். இருவரும் சேர்ந்து எழுதிய 600 பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகம் 1944இல் வந்தது.

ஹோம்ஸ் அதிலும் வருகிறார். இருவரும் ஒரே ஸ்டேஷனில் இறங்கினால் மோரியார்ட்டிக்கு 100. ஹோம்ஸ் நடுவில் இறங்கித் தப்பினால் 0. அவர் டோவர் போய்க் கப்பலேறிவிட்டால் மைனஸ் 50. கணக்குப் போட்டால் மோரியார்ட்டி 60 சதவீதம் டோவர் போக வேண்டும், ஹோம்ஸ் 60 சதவீதம் நடுவில் இறங்க வேண்டும், அவர் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு 48 சதவீதம். அபாரம். ஆனால் அந்த 100ம் மைனஸ் 50ம் எங்கிருந்து வந்தன? இரண்டு ஆசிரியர்களும் யோசித்துப் போட்டவை. எண்ணை மாற்றினால் ஹோம்ஸின் விதி மாறும். அவர்கள் இதை மறைக்கவில்லை. என் மேனேஜர் மறைத்தார்.

அந்தப் புத்தகத்தில் நம் குருக்கள் எட்டிப்பார்க்காத பகுதி ஒன்று உண்டு. இரண்டு பேருக்கு மேல் ஆடினால் என்ன ஆகும்? இங்கே வரும் சொல், தமிழ்நாட்டுக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டாத சொல்: கூட்டணி. புத்தகத்தின் பெரும்பகுதி கூட்டணிகளைப் பற்றியதுதான். மூன்று பேருக்கு ஒரு தொகை, எந்த இருவர் சேர்ந்தாலும் அவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று வையுங்கள். யார் யாரோடு சேர்வார்? கணிதம் ஒரே பதிலைத் தருவதில்லை. சேர்ந்த இருவரும் சரிபாதி பிரித்துக்கொள்வது ஒரு தீர்வு. ஒருவரை ஒதுக்கிவைத்து, உனக்கு இவ்வளவுதான் என்று எதையோ கிள்ளிக் கொடுத்துவிட்டு, மீதிக்கு மற்ற இருவரும் பேரம் பேசிக்கொள்வதும் ஒரு தீர்வு. அதற்குப் பாரபட்சத் தீர்வு என்றே பெயர் வைத்தார்கள். இவற்றில் எது நடக்கும் என்பதை அந்தச் சமூகத்தில் வழங்கும் நடத்தை முறைதான் தீர்மானிக்கும் என்று அவர்களே சொல்கிறார்கள். அதாவது 1944இல் கேம் தியரி தன் எல்லைவரை வந்து நின்று, இதற்கு மேல் உங்கள் ஊர் வழக்கத்தைக் கேளுங்கள் என்றது. 'மேத்ஸ் சொல்லுது' கோஷ்டிக்கு இது எப்படிப் பிடிக்கும்?

பிறகு ஜான் நாஷ். கூட்டணியும் பேச்சுவார்த்தையும் இல்லாத ஆட்டங்களை எடுத்துக்கொண்டார். மற்றவர்கள் மாறாதவரை, தனியாக மாறி யாரும் லாபம் பார்க்க முடியாத நிலை ஒன்று எப்போதும் உண்டு என்று 1950இல் இரண்டு பக்கக் குறிப்பில் நிரூபித்தார். அதுதான் நாஷ் சமநிலை. எத்தனை பேருக்கும் செல்லும், ஒருவர் லாபம் இன்னொருவர் நஷ்டமாக இருக்கவும் தேவையில்லை. 1994இல் நோபல். அது மேதைமைதான், சந்தேகமில்லை. ஆனால் 2001இல் அவரைப் பற்றி வந்து ஆஸ்கர் வாங்கிய படத்தில், மதுக்கூடக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? எல்லோரும் அந்த ஒரு பெண்ணையே நெருங்கினால் யாருக்கும் அமையாது, அதனால் எல்லோரும் அவளுடைய தோழிகளிடம் போவோம் என்கிறார் நாஷ். அது நாஷ் சமநிலையே இல்லை! மற்றவர்கள் தோழிகளிடம் போய்விட்டார்கள் என்றால், ஒருவன் மட்டும் மாறி அந்தப் பெண்ணிடம் போவது அவனுக்கு லாபம். நம்மில் பாதிப் பேர் கேம் தியரி கற்றது இந்தக் காட்சியில். நானும்தான்.

1950 ஜனவரிக்கு வருவோம். இடம் கலிஃபோர்னியாவில் ராண்ட் நிறுவனம், அமெரிக்க விமானப்படையின் பணத்தில் வளர்ந்தது. நாஷ் சொன்ன சமநிலைக்கு மனிதர்கள் நிஜமாகவே போய்ச் சேர்வார்களா என்று மெரில் ஃப்ளட், மெல்வின் ட்ரெஷர் இருவருக்கும் சந்தேகம். ஓர் ஆட்டத்தை வேண்டுமென்றே ஜோடித்தார்கள். ஒவ்வொருவரும் தனக்கு லாபமானதைச் செய்தால் இருவருக்கும் நஷ்டம். இருவரும் ஒத்துழைத்தால் இருவருக்கும் மேல். ஆடவைத்தது ஆர்மென் அல்ச்சியன் என்ற பொருளாதார அறிஞரையும், ராண்டின் கணிதப் பிரிவுத் தலைவர் ஜான் வில்லியம்ஸையும். சில்லறைக் காசுக்கு 100 ஆட்டம். பேசிக்கொள்ளக் கூடாது. மனதில் ஓடுவதைக் குறிப்பாக எழுதிக்கொண்டே ஆட வேண்டும்.

அல்ச்சியன் 68 முறை ஒத்துழைத்தார். வில்லியம்ஸ் 78 முறை. இருவரும் சேர்ந்தே ஒத்துழைத்தது 60 முறை. சமநிலை எதிர்பார்த்த மாதிரி இருவரும் காலை வாரியது வெறும் 14 முறை. வில்லியம்ஸின் குறிப்புகளில் குழந்தைக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுப்பவரின் எரிச்சலும் பொறுமையும் தெரிகின்றன.

அதே வருடம், நாஷின் ஆய்வு நெறியாளர் ஆல்பர்ட் டக்கர் ஸ்டான்ஃபோர்டில் உளவியல்காரர்களுக்கு உரையாற்ற வேண்டியிருந்தது. வெறும் எண்களைக் காட்டினால் தூங்கிவிடுவார்கள் என்று அந்தக் கட்டத்துக்கு ஒரு கதை கட்டினார். இரண்டு கைதிகள், தனித்தனி அறை, காட்டிக்கொடுத்தால் பரிசு. கதை உலகம் சுற்றியது, பாடப் புத்தகங்களில் ஏறியது. 60 என்ற எண் ராண்டின் கோப்பில் தங்கிவிட்டது. மனிதர்கள் காலை வாருவார்கள் என்பதற்கு இன்று நீங்கள் சாட்சிக்கு அழைக்கும் அதே கட்டம், முதல் முறை ஆடப்பட்டபோது எதிர்த்தரப்புக்குத்தான் சாட்சி சொன்னது.

நாஷின் மறுப்பையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நானும் மேனேஜர் வேலைதான் செய்கிறேன். நூறு முறை ஆடினால் அது நூறு தனி ஆட்டம் இல்லை, ஒரே பெரிய ஆட்டம், அதனால் சோதனை சரியில்லை என்றார் அவர். நியாயமான வாதம். இருவரும் கிடைக்கவேண்டிய காசை இவ்வளவு கோட்டைவிட்டார்களே என்றும் ஆச்சரியப்பட்டார். ஒரே ஒரு முறை ஆட்டம், கட்டத்தில் உள்ள எண்தான் வாழ்க்கை, நாளைக்கு முகம் பார்க்க வேண்டாம் என்றால், காட்டிக்கொடுப்பதுதான் லாபம். அந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அலுவலகத்தில் பக்கத்து இருக்கை நண்பனோடு ஒரே ஒரு முறை ஆடுகிறவன் யார்? தினமும் பதினோரு மணிக்கு டீக்கு அவனோடுதானே போகிறோம்?

முன்னோடிகளைப் புனிதர்களாக்கவும் எனக்கு எண்ணமில்லை. வான் நாய்மன் சோவியத் யூனியன்மீது முந்திக்கொண்டு குண்டு போட வேண்டும் என்று வாதாடியவர். ஆனால் அது அவருடைய அரசியல். தேற்றத்தின் எந்த வரியிலிருந்தும் அது பிறக்கவில்லை. அவரைக் கேட்டிருந்தால் அவரும் ஒருவேளை 'மேத்ஸ் சொல்லுது' என்றிருப்பாரோ என்னவோ.

ஏழு பேரில் இரண்டு பேருக்குத்தான் உச்ச ரேட்டிங் என்பது இயற்கை விதி இல்லை. யாரோ ஓர் எக்செல் ஷீட்டில் இரண்டு என்று அடித்திருக்கிறார்கள். மூன்று என்று அடித்திருந்தால் நானும் அவனும் போட்டியாளர்களே இல்லாமல் போயிருக்கலாம். மதிப்பீடு ரகசியம் என்று ஒருவர் முடிவு செய்தார். எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்தார். டக்கரின் கதையில் கைதிகளைப் பிரித்துவைத்து, காட்டிக்கொடுத்தால் பரிசு என்று விலை பேசும் போலீஸ் இருக்கிறதே, அதற்கு அந்த நான்கு அறைகளில் எங்கேயும் எண் கிடையாது. இரண்டு கைதிகளின் புத்தியைப் பற்றி எழுபது வருடமாக ஆராய்கிறோம்.

அன்று மீட்டிங் ரூமில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இந்த எண்களைப் போட்டது யார் சார் என்பது. கேட்கவில்லை. அந்த வருடம் எனக்கு உச்ச ரேட்டிங் வந்தது, சம்பளம் கொஞ்சம் ஏறியது. நண்பன் அடுத்த வருடம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். பிறந்தநாளுக்கு மெசேஜ் போட்டுக்கொள்கிறோம். நான் என்ன எழுதினேன் என்று அவனுக்குத் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது.