மனத்துக்கும் ஒரு வகுப்பு வேண்டும்

நம் நாட்டிய வகுப்புகளில் காலுக்குப் பாடம் உண்டு. கைக்குப் பாடம் உண்டு. கண்ணுக்கும் கழுத்துக்கும்கூடத் தனித்தனியே பாடம் உண்டு. மனம் ஒன்றுக்குத்தான் பாடம் இல்லை. அதற்குக் கிடைப்பதெல்லாம் வசவு. "கவனம் எங்கே போயிற்று?" என்று ஆசிரியர் அதட்டுகிறார், மாணவி தலை குனிகிறாள். கவனத்தை எங்கே வைப்பது, போய்விட்டால் எப்படித் திருப்பிக் கொண்டு வருவது என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அரைமண்டி சரியில்லை என்றால் முழங்காலை எப்படி வெளிப்புறமாகத் திருப்புவது என்று ஆசிரியர் தாமே நின்று காட்டுகிறாரே! மனம் சரியில்லை என்றால் மட்டும் ஏன் காட்டுவதில்லை?

நான் கேட்பது புதுமையான ஒன்றன்று. மேல்நாட்டில் இதற்கு இன்று பெரிய பெயர்கள் சூட்டி வைத்திருக்கிறார்கள். தீராத வலியால் துன்புற்ற நோயாளிகளுக்காக 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபட்-ஸின் என்பவர் தொடங்கிய பயிற்சிதான் இன்று 'மைண்ட்ஃபுல்னஸ்' என்ற பெயரில் உலகெங்கும் உலவுகிறது. விளையாட்டு வீரர்களின் மனப் பயிற்சி இன்னொரு பக்கம் வளர்ந்தது. இரண்டும் சேர்ந்து நடனக் கூடத்துக்குள் நுழைந்தன. பெயர்களை நீக்கிவிட்டுப் பார்த்தால் விஷயம் எளியது: மூச்சைக் கவனிப்பது, உடலில் எந்த உறுப்பு இறுகியிருக்கிறது என்று அறிவது, ஆடப் போகும் ஆட்டத்தை ஆடாமலே மனத்தில் ஓட்டிப் பார்ப்பது, பிழை நேர்ந்தால் அதிலேயே நின்றுவிடாமல் அடுத்த தாளத்தில் சேர்ந்துகொள்வது.

மனத்தில் ஓட்டிப் பார்ப்பது என்றதும் சிலர் சிரிப்பார்கள். சிரிக்க வேண்டாம். 2005-இல் லண்டனில் சில ஆராய்ச்சியாளர்கள் பாலே ஆடுவோரையும், பிரேசில் நாட்டுக் கப்போயிரா ஆடுவோரையும் இருவகை ஆட்டப் படங்களையும் பார்க்கச் செய்து, அவர்களது மூளையின் இயக்கத்தை அளந்தார்கள். அவரவர் பயின்ற ஆட்டத்தைக் காணும்போது, உடலசைவுக்கு உரிய மூளைப் பகுதிகள் மிகுதியாக இயங்கின. உடம்பு அசையவே இல்லை, பார்த்தது மட்டும்தான். பயின்றவனுக்குப் பார்ப்பதும் ஒருவகை ஆடுவதே போலும்!

ஆனால் லண்டனுக்கும் மாசசூசெட்ஸுக்கும் போய் நிற்கத் தேவையில்லை. நாம் படிக்க வந்திருக்கும் இந்தக் கொல்கத்தாவிலேயே அந்தப் பாடம் நடந்திருக்கிறது. உதயசங்கரின் பெயரை அறியாதவர் இருக்க மாட்டீர்கள். லண்டனில் ஓவியம் பயின்று, அன்னா பாவ்லோவாவோடு ஆடி, உலகைச் சுற்றி வந்த அந்த மனிதர், இமயமலை அடிவாரத்து அல்மோராவில் ஒரு கலை மையம் அமைத்தார். அங்கே கதகளிக்குச் சங்கரன் நம்பூதிரி, மணிப்புரிக்கு அமோபி சிங், இசைக்கு அலாவுதீன் கான். பரதநாட்டியத்துக்கு நம் தமிழ்நாட்டுக் கந்தப்பப் பிள்ளை! இத்தனை மேதைகள் இருந்தும், உதயசங்கர் தாமே ஒரு வகுப்பை நடத்தினார். அதற்குப் பெயர் 'பொது வகுப்பு'. அதில் அடவும் இல்லை, ஜதியும் இல்லை. நடப்பது, பார்ப்பது, பார்த்ததை நினைவில் நிறுத்துவது, கற்பனை செய்வது, கற்பனையை உடனே உடலில் கொண்டு வருவது – இவையே பாடம். கவனமும் கற்பனையும் பிறவிக் கொடைகள் அல்ல, பயிற்சியால் வருபவை என்று அவர் நம்பினார். பின்னாளில் திரைப்படத்தில் புகழ்பெற்ற குரு தத்தும் ஜோரா சேகலும் அந்த மையத்தில் இருந்தவர்களே.

அல்மோரா மையம் நீடிக்கவில்லை. பணமும் போர்க்காலமும் அதை மூடிவிட்டன. அந்தக் கனவைத்தான் உதயசங்கர் 'கல்பனா' என்ற படமாக எடுத்தார். எடுத்த இடம் சென்னை ஜெமினி ஸ்டூடியோ, வெளிவந்த ஆண்டு 1948. பிறகு 1965-இல் கொல்கத்தாவில் ஒரு நடன மையம் எழுந்தது. 1977-இல் அவர் மறைந்த பின்னும் அவருடைய துணைவியார் அமலா சங்கர் அதை நெடுங்காலம் நடத்தினார். 2020-இல், நூறு வயதைத் தாண்டிய பின், அமலா அம்மையாரும் மறைந்தார். இந்நகரத்தில் நடனம் பயின்ற வங்காளி நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள்; நடந்து பழகுவதையே ஒரு பாடமாகப் பயின்றதை அவர்களில் சிலராவது சொல்வார்கள். நம்மவரைக் கேட்டால் எத்தனை வர்ணம் பாடம் என்ற கணக்குத்தான் வரும்.

அப்படியானால் நம் மரபில் மனப் பயிற்சியே இல்லையா? இருக்கிறது. நாம்தான் அதைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டோம். அபிநய தர்ப்பணத்தை மனோமோகன் கோஷ் பதிப்பித்து 1934-இல் வெளியிட்டது இதே நகரத்தில்தான். கைக்கும் கண்ணுக்கும் மனத்துக்கும் உள்ள உறவைச் சொல்லும் அதன் சுலோகம் நம் பெண்களுக்கெல்லாம் மனப்பாடம். ஆடுபவளுக்கு உயிராக அந்நூல் சொல்லும் பத்தில் நிலைபெறுதலும் மேதையும் சிரத்தையும் உண்டு. சுலோகத்தை ஒப்பிக்கிறோம், சிரத்தையை எப்படி வளர்ப்பது என்று மட்டும் கேட்பதில்லை.

அதே 1934-இல்தான் பதினாறு வயதுப் பாலசரஸ்வதி கல்கத்தாவுக்கு வந்து ஆடினார். தென்னாட்டுக்கு வெளியே அவருக்கு அது முதல் மேடை. சிறுவனாக அவர் ஆட்டத்தை இந்நகரில் கண்ட சத்யஜித் ராய், 1976-இல் 'பாலா' என்ற செய்திப்படம் எடுத்தார். ஐம்பத்தெட்டு வயதில் அந்த அம்மையார் கடற்கரையில் ஆடுகிறார்; காற்று சேலையை அலைக்கழிக்கிறது; அவர் முகம் கண்ணனை விட்டு ஒரு கணமும் விலகவில்லை. கவனம் என்றால் என்ன என்று கேட்பவனுக்கு நான் அந்தப் படத்தைத்தான் காட்டுவேன்.

1975-இல் சென்னைத் தமிழ் இசைச் சங்கத்தில் அவர் ஆற்றிய தலைமையுரையைப் பலர் அறிவீர்கள். நாட்டியக் கச்சேரியைக் கோயிலுக்கு ஒப்பிட்டு, அலாரிப்பைக் கோபுரம் என்றது அந்த உரைதான். கோபுர உவமையை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அதைவிட முக்கியமான ஒன்றை விட்டுவிட்டார்கள். அலாரிப்பு உடலைத் தளர்த்தி, அதன் வழியே மனத்தையும் தளர்த்துகிறது, தாளம் மனத்தை ஒருமுகப்படுத்தவல்லது என்று அவர் அங்கே விளக்கினார். இதற்கு மேல் என்ன வேண்டும்? அலாரிப்பின் அமைப்பையே எண்ணிப் பாருங்கள். நேராக நிற்கிறோம். கண் அசைகிறது, பிறகு கழுத்து, பிறகு தோள், பிறகு கை, பிறகுதான் அரைமண்டியும் முழுமண்டியும். கபட்-ஸின் தம் நோயாளிகளைப் படுக்க வைத்து, கவனத்தை உறுப்பு உறுப்பாக நகர்த்தச் சொல்கிறாரே, அதை நம் நட்டுவனார்கள் நிற்க வைத்துத் தாளத்தோடு செய்துவிட்டார்கள். நாமோ அலாரிப்பைக் 'குழந்தைகள் உருப்படி' என்று ஒதுக்கி, ஆண்டு விழாவில் நேரம் போதாவிட்டால் முதலில் அதைத்தான் வெட்டுகிறோம்.

இங்கே ஒரு மறுப்பு வரும் என்று அறிவேன். "அந்தக் காலத்து நட்டுவனார் கையில் தட்டுக்கழி இருந்தது. கந்தப்பப் பிள்ளை எவ்வளவு கண்டிப்பானவர்! அந்தக் கண்டிப்பில்தானே பாலசரஸ்வதி உருவானார்? மூச்சை எண்ணியா உருவானார்?" கண்டிப்பு இருந்தது உண்மை. ஆனால் அந்தக் குழந்தை பிறந்தது வீணை தனம்மாளின் வீட்டில். விடிந்தால் இசை, இருட்டினால் இசை. பாட்டியும் தாயும் பாடக் கேட்டே அவர் மனம் பண்பட்டது. கழி தட்டியது வெளியே தெரிந்தது; உள்ளே நடந்த பயிற்சி தெரியவில்லை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வகுப்புக்கு வந்து, மற்ற நேரமெல்லாம் தேர்வும் டிராமும் கைப்பேசியுமாக ஓடும் நம் மாணவிக்கு அந்த வீடு இல்லை. வீட்டைக் கொடுக்காமல் கழியை மட்டும் கொடுப்பது எந்த நியாயம்? பத்து ஆண்டு கற்று, அரங்கேற்றமும் முடித்து, கல்லூரியில் சேர்ந்த அன்றே சதங்கையைக் கழற்றி வைத்துவிடும் பெண்களை நீங்களும் பார்க்கிறீர்கள். நேரமில்லை என்பார்கள். கொஞ்சம் பேசிப் பார்த்தால் பலரிடம் வெளிப்படுவது அச்சம்.

ஆசிரியர்களைக் குறை சொல்லி ஒதுங்குவதும் என் நோக்கமன்று. தாம் வாங்கிய வசவைத்தான் அவர்கள் கொடுக்கிறார்கள். ஆகவே பயிற்சி முதலில் அவர்களுக்கு வேண்டும். இதற்கும் இந்நகரத்தில் சான்று உண்டு. 2004-இல் சோகினி சக்ரவர்த்தி தொடங்கிய 'கொல்கத்தா சன்வேத்' என்ற அமைப்பு, கடத்தி விற்கப்பட்டு மீண்ட பெண்களுக்கு நடன அசைவின் வழியே மனநலம் தேட உதவுகிறது. அவ்வாறு மீண்ட பெண்களில் சிலரையே பயிற்றுவித்து ஆசிரியைகளாக ஆக்கியிருக்கிறது. தன் உடலையே வெறுத்த ஒருத்தி அதைத் திரும்பப் பெற்று, பிறகு மற்றவளுக்கும் பெற்றுத் தருகிறாள். அங்கே கற்பிப்பவள் முதலில் தன் மனத்தோடு பழகியாக வேண்டும். லேக் மார்க்கெட் பக்கத்து மாடி அறைகளில் 'தை யா தை' சொல்லும் நம் ஆசிரியைகளுக்கு அந்தத் தேவை குறைவென்று நான் நினைக்கவில்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மனப் பயிற்சி என்ற பெயரில் இரண்டு நாள் வகுப்பு நடத்திச் சான்றிதழ் விற்கும் வியாபாரமும் இன்று நடக்கிறது. அதற்கு நம் சங்கப் பணத்தில் ஒரு ரூபாயும் தரக் கூடாது. உண்மையாகவே மனச்சோர்வில் இருப்பவரை மூச்சைக் கவனி என்று சொல்லி உட்கார வைப்பதும் தவறு. அவர் மருத்துவரிடம் போக வேண்டியவர்.

சங்கத்தின் செயற்குழுவிடம் நான் கேட்பது சிறிது. ஆண்டு விழா ஒத்திகை ஒவ்வொன்றிலும் முதல் இருபது நிமிடம் பாட்டுப் பெட்டியை நிறுத்தி வையுங்கள். எல்லோரும் அலாரிப்பை மிக மெதுவாக, முதல் காலத்திலும் பாதி வேகத்தில், சொல்லுக்கட்டை வாயால் சொல்லிக்கொண்டே ஆடட்டும். பிறகு கண்ணை மூடி உட்கார்ந்து, அன்றைய உருப்படியை மனத்துக்குள் ஒருமுறை தொடக்கம் முதல் தீர்மானம் வரை ஓட்டிப் பார்க்கட்டும். எங்கே அறுந்ததோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளட்டும். அந்த இருபது நிமிடமும் ஒத்திகை நடத்துபவர் எவரையும் திட்டக் கூடாது. நிகழ்ச்சி நிரலில் அலாரிப்புக்கு ஆறு நிமிடம் ஒதுக்க வேண்டும். நேரம் போதாவிட்டால் வரவேற்புரையில் வெட்டிக்கொள்ளலாம்.