பிளேன் ஏத்த எல்லாம் ரெடி... திரும்பி வந்து டாக்டராக ரெடியா?

நீட் ரிசல்ட் வந்தால் போதும். சென்னை, சேலம், மதுரை, திருச்சி என்று ஊர் ஊராக ஓட்டல் ஹால்களில் "வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். இலவச கருத்தரங்கு" என்று பேனர் கட்டிவிடுகிறார்கள். உள்ளே போனால் ஏ.சி., டீ, பிஸ்கெட், பெரிய திரையில் பனி மூடிய காலேஜ் கட்டிடம். ஒரு மணி நேரத்தில் ஆசை தலைக்கு ஏறிவிடுகிறது.

அந்த ஹாலில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் கோடீஸ்வரர்கள் இல்லை. ஆட்டோ ஓட்டுபவர் இருக்கிறார். தறி ஓட்டுபவர் இருக்கிறார். சத்துணவுக் கூடத்தில் வேலை பார்க்கும் அம்மா இருக்கிறார். "நாமதான் கஷ்டப்பட்டோம், புள்ளையாவது கழுத்துல ஸ்டெதஸ்கோப் மாட்டட்டும்" என்ற ஆசைதான் அவர்களை அங்கே கொண்டு வந்து உட்கார வைக்கிறது.

ஆசையில் தப்பே இல்லை. ஆனால், பெற்றோரின் ஏற்பாடு எல்லாம் பிள்ளையை மீனம்பாக்கத்தில் விமானம் ஏற்றும் நாளோடு முடிந்துவிடுகிறது. பாஸ்போர்ட் ரெடி, விசா ரெடி, ஸ்வெட்டர், குக்கர், புளிக்காய்ச்சல் வரை ரெடி. ஆறு வருஷம் கழித்து ஊருக்குத் திரும்பினால் வைத்தியம் பார்க்க லைசென்ஸ் கிடைக்குமா என்பதை மட்டும் பலர் கேட்பதே இல்லை. வீட்டுப் பத்திரம் மீளுமா மூழ்குமா என்பது அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

ஏன் இந்த ஓட்டம்?

2025ல் நாடு முழுவதும் 22 லட்சம் பேர் நீட் எழுதினார்கள். தகுதி பெற்றவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். ஆனால் மொத்த எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒன்றேகால் லட்சம் வாக்கில்தான். அதாவது 'பாஸ்' ஆனவர்களிலேயே பத்தில் ஒன்பது பேருக்கு இடம் இல்லை.

அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் கட்டணம் ஆயிரக்கணக்கில் முடிந்துவிடும். தனியார் கல்லூரி நிர்வாக ஒதுக்கீடு என்றால் வருஷத்துக்கே பத்து லட்சத்தைத் தாண்டும். நடுவில் மாட்டிக்கொண்ட குடும்பத்திடம் "மொத்த படிப்பும் இருபத்தஞ்சு லட்சத்துல முடிஞ்சிடும் சார்" என்று ஏஜெண்ட் சொன்னால் யாருக்குத்தான் சபலம் வராது?

"நீட் பாஸ் ஆகாட்டியும் பரவாயில்லை, நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்பவரும் உண்டு. அங்கேயே எழுந்து வந்துவிட வேண்டும். 2018ல் இருந்து, வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படித்து இந்தியாவில் டாக்டராக வேண்டும் என்றால் நீட் தகுதி கட்டாயம். அது இல்லாமல் போனவரால் திரும்பி வந்து தகுதித் தேர்வே எழுத முடியாது.

எழுதினால் பாஸ் ஆகுமா?

வெளிநாட்டில் பட்டம் வாங்கிவிட்டாலே டாக்டர் ஆகிவிட முடியாது. எப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வு ஒன்று இருக்கிறது. ஜூன், டிசம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கும். மொத்தம் 300 கேள்வி. 150 எடுத்தால் பாஸ். தப்பான பதிலுக்கு மைனஸ் மார்க் கூட கிடையாது.

இதிலா கஷ்டம் என்று நினைக்கலாம். 2023ஆம் ஆண்டு இரண்டு தேர்வும் சேர்த்து 61 ஆயிரத்துக்கு மேல் எழுதினார்கள். பாஸ் ஆனவர்கள் 10 ஆயிரத்துச் சொச்சம். ஆறு பேரில் ஒருவர்! 2024ல் கொஞ்சம் ஏறியது. அப்போதும் நாலு பேரில் ஒருவர்தான்.

எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம் என்பது ஒரு ஆறுதல். ஆனால் ஒவ்வொரு தடவைக்கும் ஆறு மாசம் போகும். கோச்சிங் சென்டருக்குத் தனிப் பணம். சொந்தக்காரர்கள் "என்னப்பா, டாக்டர் ஆயிட்டியா?" என்று கேட்பதற்குப் பயந்து கல்யாணம் காட்சிக்குக்கூட போகாமல் அறைக்குள் முடங்கும் பிள்ளைகளும் உண்டு.

பாஸ் ஆன பிறகும் வேலை முடியவில்லை. இந்தியாவில் ஒரு வருஷம் பயிற்சி டாக்டராக வேலை பார்த்த பிறகே முழு லைசென்ஸ்.

54 மாசக் கணக்கு

தேசிய மருத்துவ ஆணையம் 2021 நவம்பர் 18 அன்று புது விதிகளைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்கள் எல்லாருக்கும் இது பொருந்தும். ஏஜெண்ட் நோட்டீசில் இது கொட்டை எழுத்தில் இருக்காது. பெற்றோர்தான் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

படிப்பு குறைந்தது 54 மாசம் இருக்க வேண்டும். அதே காலேஜில் மேலும் 12 மாசம் பயிற்சி முடிக்க வேண்டும். பாடம் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும். பாதி இங்கே, பாதி வேறு நாட்டில் என்று பிரித்துப் படித்தால் செல்லாது. சேர்ந்த நாளில் இருந்து 10 வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நாட்டுக்காரர் மாதிரியே அங்கே டாக்டராக வேலை பார்க்கும் உரிமை நம் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும்.

இதில் ஒன்று குறைந்தாலும் ஆறு வருஷப் படிப்பு அம்போ!

பிலிப்பைன்ஸ் விவகாரம் இதற்கு நல்ல உதாரணம். அங்கே முதலில் பி.எஸ். என்ற படிப்பு, பிறகு எம்.டி. என்ற நாலு வருஷ மருத்துவப் படிப்பு என்பதுதான் வழக்கம். நாலு வருஷம் என்றால் 48 மாசம். பி.எஸ். படிப்பை மருத்துவப் படிப்பாகச் சேர்க்க முடியாது என்று ஆணையம் சொல்லிவிட்டது. வெறும் ஆறு மாசக் குறை. அதனால் பெட்டி படுக்கையோடு போன பிள்ளைகளும், கடன் வாங்கி அனுப்பிய பெற்றோரும் பரிதவித்தார்கள்.

2025ல் பெலிஸ், உஸ்பெகிஸ்தான் நாடுகளில் உள்ள சில கல்லூரிகளைப் பற்றி ஆணையம் எச்சரிக்கையே விட்டது. ஆணையத்தின் இணையதளத்தில் இந்த அறிவிப்புகள் எல்லாம் இருக்கின்றன. பக்கத்து வீட்டு காலேஜ் பையனைக் கூப்பிட்டால் பத்து நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடுவான். பத்து நிமிஷம் செலவழித்தால் பத்து லட்சம் தப்பும்.

நடுவில் குண்டு விழுந்தால்?

2020ல் சீனாவில் கொரோனா. ஊருக்கு வந்த மருத்துவ மாணவர்கள் இரண்டு வருஷம் திரும்பிப் போக முடியாமல் செல்போனில் பாடம் படித்தார்கள்.

2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனில் போர். அங்கே படித்த சுமார் 18 ஆயிரம் இந்திய மாணவர்கள் பதுங்கு குழியிலும் எல்லையிலும் தவித்தார்கள். தமிழகப் பிள்ளைகள் மட்டும் ஏறத்தாழ 1,900 பேர். உயிரோடு வந்து சேர்ந்ததே பெரிய விஷயம். ஆனால் "இங்கேயே ஒரு காலேஜில் சேர்த்துவிடுங்கள்" என்று கேட்டபோது, சட்டத்தில் இடமில்லை என்று மத்திய அரசு சுப்ரீம் கோர்ட்டில் சொல்லிவிட்டது. பலர் வேறு நாட்டு காலேஜ்களைத் தேடி ஓட வேண்டியதாயிற்று.

2024 மே மாதம் கிர்கிஸ்தானில் வெளிநாட்டு மாணவர்கள் மீது தாக்குதல். 2025 ஜூனில் ஈரானில் குண்டு மழை, மாணவர்களை மீட்க சிறப்பு விமானங்கள். ஆறு வருஷம் என்பது நீண்ட காலம். எந்த நாட்டில் எப்போது என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே ஒரு வருஷச் செலவையாவது தனியாக எடுத்து வைக்காமல் பிள்ளையை அனுப்புவது ஆபத்து.

ரெண்டு வட்டி என்ன செய்யும்?

இப்போது காசுக் கணக்குக்கு வருவோம். பேங்க் கடன் கிடைக்காமல் பத்து லட்ச ரூபாயை ரெண்டு வட்டிக்கு வாங்குகிறார் ஒரு அப்பா என்று வைத்துக்கொள்வோம். மாசம் 20 ஆயிரம் வட்டி. ஆறு வருஷத்துக்கு 14 லட்சத்து 40 ஆயிரம். அசல் பத்து லட்சம் அப்படியே நிற்கும்!

பேங்க் கல்விக் கடன் எவ்வளவோ மேல். மாதிரி கல்விக் கடன் திட்டத்தில் ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் வேண்டாம். அதற்கு மேல் என்றால் வீடோ நிலமோ கேட்பார்கள். வித்யாலட்சுமி இணையதளம் மூலமாகவே பல பேங்குகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

இதிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரைதான் தவணை கட்டாமல் இருக்கலாம். பிள்ளை திரும்பி வந்து, தகுதித் தேர்வு எழுதி, ஒரு வருஷப் பயிற்சியும் முடிக்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிடும். அதாவது, சம்பளம் வருவதற்கு முன்பே பேங்க் தவணை வந்து கதவைத் தட்டும். அப்பா அறுபது வயதை நெருங்கும் நேரம் அது. ஆறு வருஷத்துக்கு இல்லை, எட்டு வருஷத்துக்குக் கணக்குப் போட வேண்டும்.

டாலர் வேறு சும்மா இருக்காது. 2019ல் ஒரு டாலர் 70 ரூபாய் வாக்கில் இருந்தது. 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டிவிட்டது. காலேஜ் கட்டணம் 4 ஆயிரம் டாலர் என்றால், அப்போது 2 லட்சத்து 80 ஆயிரம். அதே கட்டணம் இப்போது 3 லட்சத்து 60 ஆயிரம். காலேஜ் ஒரு பைசா ஏற்றாமலேயே 80 ஆயிரம் கூடிவிட்டது.

"ஸ்காலர்ஷிப் வாங்கித் தர்றோம், பிராசசிங் பீஸ் கட்டுங்க" என்பவரிடமும் உஷார். வெளிநாட்டில் படிக்க மத்திய அரசு தரும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் பி.எச்.டி.க்கும்தான். எம்.பி.பி.எஸ்.சுக்கு இல்லை.

பணம் கட்டும் முன்...

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஏஜெண்டிடம் நாலு விஷயம் கேட்க வேண்டும். படிப்பு எத்தனை மாசம், பயிற்சி எத்தனை மாசம்? அந்த காலேஜில் இருந்து வந்தவர்களில் எத்தனை பேர் எப்.எம்.ஜி.இ. பாஸ்? ஹாஸ்டல், சாப்பாடு, இன்சூரன்ஸ், விசா புதுப்பிப்பு எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? பாதியில் வந்துவிட்டால் எவ்வளவு திரும்பும்?

பதிலை எழுத்தில் தர மறுத்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். காலேஜ் கட்டணத்தை பேங்க் மூலம் நேராக பல்கலைக்கழகக் கணக்குக்குத்தான் அனுப்ப வேண்டும். கையில் ரொக்கமாகக் கொடுத்தால் நாளைக்குக் கேட்க நாதி இருக்காது. ஒரிஜினல் சர்டிபிகேட்டை ஏஜெண்ட் ஆபீசில் விட்டு வைக்கக் கூடாது.

அதோடு, உள்ளூர் வாய்ப்பையும் ஒரு தடவை பார்க்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 2020ல் இருந்து மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இன்னொரு வருஷம் நீட்டுக்குத் தயாராவதற்கு ஆகும் செலவு, வெளிநாட்டில் ஒரு வருஷம் இருக்க ஆகும் செலவில் ஒரு பங்கு கூட இருக்காது. நர்சிங், பிசியோதெரபி என்று மருத்துவத் துறையிலேயே வேறு வழிகளும் இருக்கின்றன.

பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியது

எல்லாம் சரிபார்த்து, போவது என்று முடிவாகிவிட்டதா? நல்லது. அப்படியானால் சமையல், துணி துவைப்பதோடு சில விஷயங்களையும் சொல்லித்தர வேண்டும்.

பாஸ்போர்ட் எப்போதும் தன் கையில் இருக்க வேண்டும். அதன் நகல் வீட்டிலும் இருக்க வேண்டும். போய் இறங்கியதும் இந்திய தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். வெளியுறவுத் துறையின் மதத் இணையதளத்தில் மாணவர்கள் பதியலாம். தமிழக அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்திலும் மாணவர்கள் உறுப்பினராகலாம்.

பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் ஆஸ்பத்திரி நோயாளி ஆங்கிலம் பேச மாட்டார். ரஷ்யாவில் ரஷ்ய மொழி, ஜார்ஜியாவில் ஜார்ஜிய மொழி. அது தெரியாத மாணவர் வார்டில் வேடிக்கை பார்த்துவிட்டு வருவார். எப்.எம்.ஜி.இ.யில் அடி வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் வருஷத்திலேயே அந்த ஊர் பாஷையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தகுதித் தேர்வுக்குப் படிப்பதையும் கடைசி வருஷத்துக்குத் தள்ளி வைக்கக் கூடாது.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று இருக்கிறது. "பெயில் ஆனாலும் எங்ககிட்ட முதல்ல சொல்லு. உன்னைவிட வீட்டுப் பத்திரம் பெரிசு இல்ல" என்று அப்பாவும் அம்மாவும் வாய் திறந்து சொல்லிவிட வேண்டும். கடன் வாங்கி அனுப்பிய வீட்டுக்குப் போன் செய்து கெட்ட செய்தி சொல்ல எந்தப் பிள்ளைக்கும் வாய் வராது. மூணாவது வருஷமே "எனக்கு இது சரிப்படலை" என்று சொல்லிவிட்டால் பாதிப் பணமாவது மிஞ்சும். மறைத்து மறைத்து ஆறு வருஷம் ஓட்டினால் பணமும் போகும், பிள்ளையின் நிம்மதியும் போகும்.

வெளிநாட்டில் படித்து, முதல் தடவையே தகுதித் தேர்வில் பாஸ் ஆகி, அரசு ஆஸ்பத்திரிகளில் நல்ல பெயர் எடுத்த டாக்டர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். நாலில் ஒருவர் அவர்தான். மீதி மூணு பேரும் சோம்பேறிகள் இல்லை. போகும் வழியைக் கேட்டார்கள், வரும் வழியைக் கேட்காமல் விட்டவர்கள் அதில் நிறைய.