கற்படுக்கையும் தனியிரவும்

அச்சமில்லாத மனிதர் உலகில் இலர். அச்சத்தை ஒப்புக்கொள்ளாத மனிதரே பலர். பகலிற் பத்துப்பேர் நடுவில் வீரம் பேசுகின்ற நாம், ஊர்ப்புறத்தே ஒரு பாறையருகில் ஓர் இரவு தனித்துத் தங்க நேரின் எந்நிலை எய்துவோம்? இவ்வினாவைக் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும் என்பதும், விடைகாண ஓர் இரவையேனும் தனிமைக்கு ஒதுக்குதல் நன்று என்பதும் எம் கருத்து.

புதுக்கோட்டையிலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தொலைவில், அன்னவாசலுக்கு அருகே, சித்தன்னவாசல் மலை உள்ளது. அங்குள்ள குடைவரைக் கோயிலின் ஓவியங்களைக் கண்டு மகிழ்வார் பலர். மேலேறி ஏழடிப்பட்டம் என்னும் குகையைக் கண்டு வருவார் சிலரே. பாறைச் சரிவில் அடிவைத்து ஏறுதற்கென வெட்டப்பட்ட ஏழு படிக்குழிகளே அவ்விடத்திற்கு இப்பெயரை அளித்தன. குகையினுள்ளே வழுவழுப்பாக இழைக்கப்பட்ட 17 கற்படுக்கைகள் உள்ளன. தலைவைக்குமிடம் தலையணைபோற் சற்றே உயர்ந்திருக்கும். கிறிஸ்து பிறப்பதற்கு முன்னரே சமணத் துறவியர் அக்கல்லின்மேல் தலைசாய்த்தனர். மழையும் இடியும் காற்றும் இருளும் அவர்களுக்கும் இருந்தன. நமக்குள்ள மின்விளக்கும் கைப்பேசியும் அவர்களுக்கு இல்லை. அவர்கள் அஞ்சாதவர் என்று கூற யாம் துணியோம். அஞ்சியும் அங்கேயே தங்கியவர் எனின் அது பொருந்தும்.

கல்லைத் தலையணையாகக் கொண்ட மற்றொருவனையும் நாம் அறிவோம். தமையன் ஏசாவின் சினத்துக்கு அஞ்சி வீட்டை விட்டு ஓடிய யாக்கோபு, பொழுது சாய்ந்த இடத்தில் ஒரு கல்லின்மேல் தலைவைத்துத் தனியே துயின்றான் என வேதாகமம் கூறும். விண்ணுக்கும் மண்ணுக்கும் இடையே நின்ற ஏணியை அவன் கண்டது தன் தந்தையின் கூடாரத்தில் அன்று. துணையற்ற அந்த இரவிலேயாம். விழித்தபோதும் அவன் அஞ்சினான். ஆயினும் அவ்வச்சம் அவனை ஓடச் செய்யவில்லை. அந்தக் கல்லையே தூணாக நிறுத்தச் செய்தது.

இனி, எம் அனுபவம் ஒன்றினையும் ஈண்டுக் கூறுதல் தகும். பல்லாண்டுகட்கு முன், இம்மாவட்டத்துச் சிற்றூரொன்றின் புறத்தே, கண்மாய்க்கரையை அடுத்த பாறையருகில் யாம் ஓர் இரவு தனியே படுத்திருந்தோம். நள்ளிரவில் யாரோ ஒருவர் மெல்ல அடியெடுத்து வருவதுபோல் ஓர் ஒலி எழுந்தது, நின்றது, மீண்டும் எழுந்தது. கைவிளக்கின் ஒளியில் ஒன்றும் தென்படவில்லை. விடியுமளவும் உறக்கமின்றி வேர்த்துக் கிடந்தோம். விடிந்தபின் நோக்கின், பனையிலிருந்து தொங்கிய காய்ந்த ஓலையொன்று அடிமரத்தில் உராய்ந்துகொண்டிருந்தது! அவ்வழியே ஆடு ஓட்டிவந்த முதியவர் ஒருவர் நிகழ்ந்ததைக் கேட்டு நகைத்து, “தம்பி, ஓலைக்கு அஞ்சினாய், வெறுந்தரையிற் படுக்க அஞ்சவில்லையே!” என்றார்.

அச்சொல்லின் உண்மையைப் பின்னரே உணர்ந்தோம். இரவில் இரைதேடி ஊர்வது கட்டுவிரியன். தரையில் உறங்குவாரை அது கடித்தால் வலியும் வீக்கமும் சிறிதேயாதலின், கடியுண்டதை அறியாமலே மூச்சுத் தடைப்பட்டு இறந்தோர் உளர். ஓலை ஆரவாரித்தது, தீங்கு செய்யவில்லை. தீங்கு செய்யவல்லதோ ஓசையின்றி ஊர்வது. பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்பர். நரி பெருவீரம் உடையது என்பது அதன் பொருளன்று. அந்த ஒலி இன்னதென்று நரி அறியும் என்பதே பொருள்.

1934ஆம் ஆண்டில் ரிச்சர்டு பேர்டு என்னும் அமெரிக்கக் கடற்படைத் தலைவர், தென்துருவக் கண்டத்தின் நெடுங்குளிர் இருளில், பனிக்குள் புதைந்த குடிலொன்றில் நாலரைத் திங்கள் தனித்திருந்தார். குளிரையும் தனிமையையும் அவர் எதிர்பார்த்தே சென்றார். அவரைச் சாவின் வாயில்வரை கொண்டுசென்றதோ, அவர் குளிர்காய்ந்த அடுப்பிலிருந்து கசிந்த நச்சுப்புகை! தம்மை மீட்க வருவோர் இருளிற் சிக்கி இறப்பரோ என்று அஞ்சித் தம் நோயை வானொலியில் மறைத்தார். எனினும் அவருடைய செய்திகளின் தடுமாற்றத்தால் ஐயுற்ற தோழர் மூவர், ஆகஸ்டு திங்களில் வந்து அவரைக் காத்தனர்.

“ஒளிமிகுந்த இக்காலத்தில் இத்தனிமைப் பயிற்சி எற்றுக்கு?” என்பார் உளர். தேர்வுத் தோல்வி, வேலையின்மை, நோய், பிரிவு ஆகியவை வரும் இரவுகளில் எந்த மின்விளக்கும் உதவாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பேயெது, ஓலையெது, விரியனெது என்று பிரித்தறியும் பழக்கமே அப்பொழுது கைகொடுக்கும். மாணவியர் மனத்திலுள்ள அச்சமோ பெரும்பாலும் விலங்கைப் பற்றியதன்று, மனிதரைப் பற்றியது. அது வெறும் ஓலைச் சலசலப்பன்று. அதற்கு மருந்து அவர்தம் துணிவு மட்டுமன்று; ஆடவராகிய நம் ஒழுக்கமும் ஆகும்.

தனித்துச் செல்லுதல் வேறு, தறிகெட்டுச் செல்லுதல் வேறு. செல்லுமிடத்தையும் மீளும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிச் செல்க. விளக்கும் நீரும் கொள்க. கயிற்றுக்கட்டிலும் கொசுவலையும் கிடைப்பின் இழிவென்று தள்ளற்க. பாம்பு கடித்தால் கீறவோ உறிஞ்சவோ முயலாது மருத்துவமனைக்கு விரைக. இவற்றைச் செய்தபின்னும் எஞ்சுகின்ற அச்சத்தோடு அமைதியாக அமர்ந்திருந்து விடியலைக் காண்க.

ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கை ஒன்றில் பழந்தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு உள்ளது. எருமை நாட்டிற் பிறந்த துறவி ஒருவர்க்கு இளையர் எனப்படுவார் செய்தளித்த இருக்கை அது என்று அறிஞர் பொருள் காண்பர். எருமை நாடு என்பது மைசூர்ப் பக்கம் என்பர். அயல்நாட்டிலிருந்து வந்து இருளில் தனியே கிடந்த அத்துறவியின் முதுகின்கீழ், முன்பின் உறவில்லாத ஒருவர் இழைத்துக் கொடுத்த கல் இருந்தது. மலையேறிய அவர் அடியின்கீழும் பிறர் வெட்டிய படிக்குழிகள் இருந்தன. முற்றுந் தனித்தவர் எவருமிலர் என்பதைத் தனித்திருந்தே அறிதல் வேண்டும். அவ்வறிவு பெற்றவர்க்கு இருள் பகையன்று.