முன்சக்கர காரில் டிராக் ரேஸ்: காசு போக வேண்டிய இடம் இன்ஜின் அல்ல!

மழை விட்ட நாளில் திண்டுக்கல்லில் இருந்து சிறுமலைக்கு ஏறும் கார்களைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். மொத்தம் 18 கொண்டை ஊசி வளைவுகள். காருக்குள் ஐந்து பேர், டிக்கி நிறைய பைகள். வளைவில் ஒரு நொடி நின்றுவிட்டு முதல் கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்தால், உள்பக்க முன்சக்கரம் 'விர்ர்' என்று சும்மா சுற்றும். இன்னும் மிதித்தால் இன்னும் சுற்றும். கார் மட்டும் நகராது.

இன்ஜினில் சக்தி இல்லாமல் இல்லை. ஏற்றத்திலும் டிக்கி பாரத்திலும் வண்டியின் எடை பின்பக்கம் சாய்ந்துவிடுகிறது. முன்சக்கரத்துக்குத் தரையில் பிடிமானம் போய்விடுகிறது.

ஸ்விஃப்ட், போலோ, ஐ20, பழைய ஹோண்டா சிட்டி விடெக் என்று நம்மூர் இளைஞர்கள் ஆசை ஆசையாக மாற்றியமைக்கும் கார்கள் பெரும்பாலும் முன்சக்கரத்தால் இழுக்கப்படுபவை. இந்த கார்களை டிராக் ரேஸுக்குத் தயார் செய்யும்போது பெரும்பாலானோர் முதலில் கை வைப்பது ஈசியூ ரீமேப்பிலும் சைலன்சரிலும்தான். "ரீமேப் பண்ணிட்டா போதும் ப்ரோ, பறக்கும்" என்பது பட்டறை வாசலில் அடிக்கடி கேட்கும் வசனம். சத்தம் பறக்கும், சரி. கார்?

எடை எங்கே போகிறது?

டிராக் ரேஸ் என்பது நின்ற இடத்தில் இருந்து நேர்கோட்டில் கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர் ஓடுவது. வளைவு கிடையாது, முந்தி ஒதுங்குவது கிடையாது. அதனால் எளிது என்று தோன்றும். உண்மையில் முதல் 60 அடியிலேயே, அதாவது 18 மீட்டரிலேயே, பாதி விதி எழுதப்பட்டுவிடும். அந்த 60 அடியில் பத்தில் ஒரு நொடி மிச்சம் பிடித்தால், கடைசிக் கோட்டில் அதைவிடக் கூடுதலாகவே மிச்சமாகும் என்பது டிராக் பந்தயக்காரர்களின் பழைய கணக்கு.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1,000 கிலோ எடையுள்ள ஒரு ஹேட்ச்பேக். நிற்கும்போது முன்சக்கரங்கள் மேல் 600 கிலோ, பின்னால் 400. வேகமாகக் கிளம்பும்போது, சக்கர இடைவெளியையும் வண்டியின் உயரத்தையும் பொறுத்து, ஏறக்குறைய 100 கிலோ முன்னாலிருந்து பின்னால் நகர்ந்துவிடும். மிச்சம் 500. நல்ல தார்ச்சாலையில் சாதாரண டயர் அதில் 90 சதவீதம் அளவுக்கு இழுவையைத் தாங்கும் என்று வைத்தால், தரையில் இறங்கக்கூடியது 450 கிலோ விசை.

இப்போது இன்ஜின் பக்கம். 110 நியூட்டன் மீட்டர் டார்க் கொண்ட, எந்த மாற்றமும் செய்யாத 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், முதல் கியரில் இழப்பெல்லாம் போக 500 கிலோ அளவுக்குத் தள்ளும். அதாவது ஷோரூமில் இருந்து வந்த காரே, முதல் கியரில் டயர் தாங்குவதைவிட அதிகமாகத் தருகிறது. இதற்கு மேல் ரீமேப்பில் 30 சதவீதம் ஏற்றினால் கிளம்பும் இடத்தில் நடப்பது ஒன்றுதான்: டயர் புகையும். பக்கத்து லேன்காரர் போய்விடுவார்.

இரண்டாவது, மூன்றாவது கியருக்கு வந்த பிறகு கூடுதல் சக்தி நிச்சயம் உதவும். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அது வரிசையில் கடைசி வேலை. பலர் அதை முதலில் செய்துவிட்டு, டயர் வாங்கக் காசில்லாமல் நிற்கிறார்கள்.

அப்போ முதலில் என்ன?

டயர். நல்ல மென்மையான ரப்பர் கொண்ட இரண்டு முன் டயர்கள், பாதி விலைக்குக் கிடைக்கும் எந்த 'பவர்' சாமானையும்விட அதிகம் தரும். அடுத்தது காற்று. இதற்குச் செலவே இல்லை. முன் டயரில் வழக்கமான 32 பிஎஸ்ஐ-யை 26 வரை குறைத்தால் தரையைத் தொடும் பரப்பு கூடும். பின் டயரில் கொஞ்சம் ஏற்றிவைத்தால் உருளும் தடை குறையும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இரண்டு பிஎஸ்ஐ மாற்றி, நேரத்தைக் குறித்து வைப்பவர்தான் இந்த விளையாட்டில் முன்னேறுகிறார்.

எடையைக் குறைப்பதிலும் ஒரு தப்பு தொடர்ந்து நடக்கிறது. யூடியூபில் அமெரிக்க கார்களைப் பார்த்துவிட்டு, பேட்டரியைக் கழற்றி டிக்கிக்கு மாற்றுகிறார்கள். அவை பின்சக்கரத்தால் ஓடும் கார்கள், அவற்றுக்கு அது சரி. முன்சக்கர காருக்கு அது நேர் எதிர் வைத்தியம். இங்கே இறங்க வேண்டியது பின்பக்க எடை: ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கியில் கிடக்கும் ஸ்பீக்கர் பெட்டி. பெட்ரோல் டேங்கும் பின்னால்தான் இருக்கிறது. கால் டேங்க் போதும். சீட் பெல்ட்டிலும் ஏர்பேக்கிலும் மட்டும் கை வைக்கக் கூடாது.

பின்பக்கம் உட்காராமல் இருக்க பின் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் கொஞ்சம் விறைப்பாக இருக்க வேண்டும். முன்பக்கத்தை மட்டும் இறக்கிக் கட்டுவதைவிட இது முக்கியம்.

பிறகு இன்ஜின் மவுண்டிங். இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. தொய்ந்த ரப்பர் மவுண்டிங்கோடு கிளட்சை விட்டால் இன்ஜின் முன்னும் பின்னும் ஆடும். சக்கரம் பிடிப்பதும் வழுக்குவதுமாகத் துள்ளும். இதைத்தான் வீல் ஹாப் என்கிறார்கள். டிரைவ் ஷாஃப்ட் உடைவது பெரும்பாலும் இந்தத் துள்ளலில்தான். விறைப்பான மவுண்டிங் போட்டால் ஸ்டீயரிங்கில் அதிர்வு கூடும், வீட்டில் அம்மா "என்னடா வண்டி இப்படி நடுங்குது" என்பார். அது கொடுக்க வேண்டிய விலை.

சிறுமலை வளைவில் ஒற்றைச் சக்கரம் சும்மா சுற்றியதற்கு இன்னொரு காரணம், சாதாரண டிஃபரன்ஷியல். பிடிமானம் இல்லாத சக்கரம் சுற்ற ஆரம்பித்தால், மற்ற சக்கரத்துக்கும் அந்தக் குறைந்த விசைதான் போகும். இதற்கு மருந்து லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில், இந்தப் பூட்டு மட்டும் இறக்குமதி செய்ய வேண்டிய சாமான். விலையும் அப்படியே. ஆசை தீராதவர்கள் கடைசியில் வாங்கலாம்.

மலையில் டெஸ்ட் பண்ணலாமா?

கூடாது. முதல் காரணம், அது தவறான சோதனைக்கூடம். கடல் மட்டத்தில் இருந்து 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 10 சதவீதம் குறையும். டர்போ இல்லாத இன்ஜினின் சக்தியும் அதே அளவில் இறங்கும். மலையில் எடுத்த நேரத்துக்கு சமவெளியில் அர்த்தம் இல்லை. இரண்டாவது காரணம் பெரியது. அந்த ரோட்டில் வாழைத்தார் ஏற்றிய வண்டியும் அரசுப் பேருந்தும் வரும், சில நேரம் காட்டுமாடு நிற்கும். கீழே நத்தம் சாலையும் நான்குவழிச் சாலையும் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் காலியாகத் தெரியும். விளக்கில்லாத டிராக்டர் அந்த நேரத்தில்தான் திரும்பும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு இதைக் குற்றம் என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஒரு வருடம் வரை அல்லது 10,000 ரூபாய் வரை, அல்லது இரண்டும். அனுமதியில்லாத மாற்றங்களுக்கு 182ஏ பிரிவு தனி; ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம். வழக்கமான கார் இன்சூரன்ஸ் பாலிசியில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டவை என்பதைப் பலர் விபத்துக்குப் பிறகே படிக்கிறார்கள்.

பிறகு எங்கேதான் ஓட்டுவது?

இந்தக் கேள்விக்கு திண்டுக்கல் பையனிடம் நல்ல பதில் இல்லை. அது அவன் தப்பும் இல்லை. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் டிராக் இருக்கிறது. அங்கே தேசிய பைக் டிராக் போட்டிகள் நடந்திருக்கின்றன. கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே உள்ளது. கார்களுக்கான பெரிய கால் மைல் போட்டி என்றால் லோனாவாலா அருகே ஆம்பி வேலி விமான ஓடுதளம் வரை போக வேண்டும். நரேன் கார்த்திகேயனை 2005-ல் ஃபார்முலா 1-க்கு அனுப்பிய மாநிலம் இது. 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு நேர ஃபார்முலா 4 நடத்தியதும் இதே மாநிலம்தான். மதுரை, திண்டுக்கல் பக்கத்து இளைஞனுக்கு ஒரு நேர்கோடு தர முடியாதா?

189-வது பிரிவே மாநில அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி 'இல்லாமல்' நடத்துவதைத்தான் தண்டிக்கிறது. அனுமதிக்கான கதவு சட்டத்திலேயே இருக்கிறது. மெட்ராஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்திய சோழவரமே இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுதளம்தான். அதே காலத்து ஓடுதளம் காரைக்குடி பக்கம் செட்டிநாட்டிலும், தெற்கே கயத்தாறிலும் உண்டு. வருடத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை, ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, ஹெல்மெட், வண்டிப் பரிசோதனை, நுழைவுக் கட்டணம். இதைவிடப் பெரிய ஏற்பாடுகளை ஒவ்வொரு தை மாதமும் ஜல்லிக்கட்டுக்கு மாவட்ட நிர்வாகங்கள் செய்கின்றன.

அங்கே 'பிராக்கெட்' முறையில் நடத்தினால் பணக்கார கார்தான் ஜெயிக்கும் என்ற பேச்சும் அடிபடும். ஒவ்வொருவரும் தன் கார் எத்தனை நொடியில் ஓடும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்; மெதுவான கார் அந்த வித்தியாசத்துக்கு ஏற்ப முன்னதாகக் கிளம்பும். சொன்ன நேரத்தைவிட வேகமாக ஓடினால் அவுட். 18 நொடி என்று சொல்லி ஒவ்வொரு முறையும் 18-ஐ ஒட்டியே ஓடும் பழைய ஜென், 14 நொடி டர்போ காரைத் தோற்கடிக்கலாம். அங்கே காற்றழுத்தக் கணக்கு எழுதிய நோட்டுக்குத்தான் மதிப்பு.

ஓட்டம் முடிந்து அதே காரில்தான் ஊர் திரும்ப வேண்டும். கிளம்பும் முன் முன் டயரில் மறுபடி 32 பிஎஸ்ஐ ஏற்றி, வீல் நட்டுகளை ஒருமுறை முடுக்கி, ஸ்டெப்னியை டிக்கியில் திரும்பப் போட்டுக்கொள்வது நல்லது.