ஒன்றரை மணிப் பிரயாணம்

சென்ற வாரம் எதிர்வீட்டு அம்மாள் நம்மிடம் ஒரு வழக்குடன் வந்தார். அவருடைய பிள்ளை சிங்கப்பூரில் கப்பல் கட்டும் தொழிலில் இருக்கிறான். விடுமுறையில் ஊருக்கு வருவதற்கு வாங்கிய ஆகாய விமானச் சீட்டைச் செல்பேசியில் அனுப்பியிருந்தான். சிங்கப்பூரில் இரவு 9 மணிக்குப் புறப்பாடு. சென்னையில் இரவு 10-30க்கு வருகை என்று அதில் கண்டிருந்தது.

"ஒன்றரை மணிப் பிரயாணந்தானா, தம்பி? பட்டணத்திலிருந்து நம்ம ஊருக்குப் பஸ்ஸில் வரவே ஆறு மணி நேரம் ஆகிறதே! இவ்வளவு கிட்டத்தில் இருந்துகொண்டா இரண்டு வருஷமாக வராமல் இருந்தான்?" என்றார்.

பிள்ளையின் மேல் விழுந்த பழியைப் போக்குவது நம் கடமையாயிற்று. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஆகாய மார்க்கத்தில் சுமார் 2,900 கிலோமீட்டர். பழைய கணக்கில் 1,800 மைல். இதைக் கடக்க விமானத்துக்கு நாலு மணி நேரமாவது பிடிக்கும். ஆனால் சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. அங்கே 9 மணிக்கு ஏறி நாலு மணி நேரம் பறந்தால், அவர்கள் கடிகாரத்தில் இரவு 1 மணி. நம் கடிகாரத்தில் 10-30தான். இங்கிருந்து போகும்போதோ அதே பிரயாணம் ஆறரை மணி நேரமாகத் தோன்றும்.

இந்த இரண்டரை மணி முழுவதும் சூரிய பகவானுடைய ஏற்பாடா என்றால், அதுவும் இல்லை. இரு நகரங்களுக்கும் இடையே தீர்க்கரேகை வித்தியாசம் ஏறக்குறைய 24 பாகை. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிஷம். ஆகவே சூரியன் கணக்கில் வித்தியாசம் சுமார் 95 நிமிஷந்தான். மீதி ஒரு மணிக்குச் சற்றுக் குறைந்தது அரசாங்கங்கள் செய்த ஏற்பாடு. ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்து ஆண்ட காலத்தில் அங்கே டோக்கியோ நேரமே சட்டமாயிருந்தது. 1943 அக்டோபர் 21-ந் தேதி நேதாஜி அந்நகரில் சுதந்திர இந்திய சர்க்காரைப் பிரகடனம் செய்தபோதும் கடிகாரங்கள் டோக்கியோ மணியைத்தான் காட்டின. பிற்பாடு 1982 பிறந்தபோது, மலேசியாவுடன் ஒத்துப்போகச் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்துக்கொண்டது.

1926 முதல் ஓடிய 'ரஜுலா' கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறியவர்கள், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆயிற்று. 1985-ல் 'சிதம்பரம்' கப்பல் தீப்பற்றியதோடு அந்தக் கடல் மார்க்கமும் ஓய்ந்தது. கப்பல் காலத்தில் பிள்ளை வரவில்லையென்றால் தாயார் சமுத்திரத்தை நொந்துகொள்ளலாம். இப்போது நொந்துகொள்ளச் சமுத்திரமும் இல்லை.

அம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "சரி, தம்பி, நாலு மணி நேரமென்றே வைத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு வருஷமா?" என்றார்.

தரகருக்குக் கொடுக்க வாங்கிய கடன் அடைய வேண்டும். முதலாளி விடுமுறை தர வேண்டும். அதற்கு மேல் சீட்டுக்குப் பணம் சேர வேண்டும். விமானம் எவ்வளவு வேகமாகப் பறந்தாலும் இம்மூன்றில் ஒன்றும் குறைவதில்லை. இதை அவரிடம் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. வருகிற பிள்ளையே சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.