பெயருடையார் பிரிவும் பெயரிலார் பிரிவும்

புகழ்பெற்ற வடிவமைப்பாளர் ஒருவர் தம் நிலையத்தை விட்டு நீங்குவார் என்னும் வதந்தி பிறந்த மாத்திரத்தில் பத்திரிகையுலகம் பரபரப்படைகின்றது. பாரிஸ் நகரத்துச் செலீன் ஆடை நிலையத்தினின்று ஹெடி ஸ்லிமான் 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் விலகுமுன் பல மாதம் ஊகங்கள் உலவின. மோட்டார்த் தொழிலிலும் இதுவே வழக்கம். ஹூண்டாய்க் குழுவின் வடிவமைப்புத் தலைவர் லூக் டோங்கர்வோல்கே 2020 ஏப்ரலில் பதவி துறந்ததும், அவ்வாண்டு நவம்பரில் மீண்டதும் பெருஞ்செய்திகளாயின.

அந்நிறுவனத்தின் கார்கள் 1998 முதல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் உருவாகின்றன. அவ்விடந்தொட்டு ஒரகடம்வரை பரந்துள்ள பற்பல தொழிற்சாலைகளில் ஒப்பந்தத் தொழிலாளராயும் பயிற்சியாளராயும் உழைக்கும் இளைஞர் மிகப் பலர். தவணை முடிந்ததும் அவர்கள் நீங்குவர். எங்குச் சென்றனர் என்று கேட்பாரிலர்.

வடிவமைப்பாளர் வரைந்த கோட்டின் அழகு, கதவு மயிரிழையும் பிசகாது பொருந்தும்போதன்றோ விளங்கும்? பொருத்திப் பழகிய கை நீங்கின், புதிய கை அத்திறமையைப் பெறும்வரை நஷ்டம் நிலையத்திற்கேயாம். ஆதலின் கலைஞரைப் போற்றும் மதி தொழிலாளரையும் போற்றுதல் வேண்டும்.

நம் மாணவருள் சிலர் நாளை அத்தொழிற்சாலைகளில் அதிகாரிகளாய் அமர்தல் கூடும். அந்நாளில், விலகிச் செல்லும் தொழிலாளியை எண்ணால் அன்றிப் பெயரால் அழைத்து, "ஏன் போகின்றீர்?" என்று வினவுவாராக. அவ்வினாவிற்கு வரும் விடையைச் செவிமடுத்தலே நிருவாகக் கல்வியின் முதற் பாடமாம்.